ஒன்றும் ஒட்டாமல் எம்.எஸ்.என். முடிப்பது எப்படி?

உங்களைப் பற்றி எனக்குத் தெரியும். ஹூஸ்டனிலோ டாலஸிலோ சான் அன்டோனியோவிலோ ஓர் ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு மூன்று நாள், பன்னிரண்டு மணி நேர நைட் டியூட்டி பார்க்கிறீர்கள். ஊரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நடுவில் சில வருஷம் சவூதியில் இருந்து, என்கிளெக்ஸ் தேர்வு எழுதி டெக்சாஸுக்கு வந்து சேர்ந்தீர்கள். இப்போது உங்கள் வார்டுக்கு மேனேஜர் தேவை என்று அறிவிப்பு வந்திருக்கிறது. முதுகலைப் பட்டம் இருந்தால் முன்னுரிமை என்கிறது கடைசி வரி.

அந்தப் பட்டத்துக்குப் பெயர் எம்.எஸ்.என். அதில் நிர்வாகம் ஒரு பிரிவு. ஆஸ்பத்திரி வேலையை விடாமல், வீட்டில் இருந்தபடி லேப்டாப்பிலேயே முடித்துவிடலாம். முடிப்பவர்கள் நிறையப் பேர். மூளையில் ஒன்றும் ஒட்டாமல் முடிப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். கீழே உள்ள படிகளை வரிசையாகப் பின்பற்றுங்கள். பாதிக்கு மேல் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பீர்கள். அந்த அளவுக்கு உங்களுக்கு நேரம் மிச்சம்.

1. தப்பித்து ஓடுவதற்காகச் சேருங்கள்

முடிவெடுக்க உகந்த நேரம் விடிகாலை நாலு மணி. ஆறு நோயாளிகள் உங்கள் பொறுப்பில். ஒருவருக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் அறைப் பெரியவர் ஐ.வி. லைனைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். கூட இருக்கவேண்டிய எய்டைப் பக்கத்து வார்டில் ஆள் இல்லையென்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். "இந்தப் பொழப்பே வேண்டாம், நாமும் மேனேஜராகிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரலாம்" என்று அப்போது தோன்றும். அந்த நிமிஷமே விண்ணப்பம் போடுங்கள்.

வார்டை எப்படி நடத்தியிருந்தால் அந்த எய்டு இங்கேயே இருந்திருப்பார் என்று ஒரு கேள்வி தலைகாட்டும். அமுக்கிவிடுங்கள். அதை வளரவிட்டால் படிப்பின் மேலேயே ஆசை வந்துவிடும்.

மேனேஜர் சம்பளத்தையும் விசாரிக்க வேண்டாம். இப்போது உங்களுக்கு மணிக்கணக்கில் கூலி, நைட்டுக்குத் தனிப்படி, வாரம் நாற்பது மணியைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு. மேனேஜருக்குப் பெரும்பாலும் நிலையான சம்பளம். ஓவர்டைம் கிடையாது, ஆனால் போன் மட்டும் இருபத்துநாலு மணி நேரமும் அடிக்கும். பதவி உயர்ந்து கையில் வரும் பணம் குறைந்தவர்களும் உண்டு. உங்கள் மேனேஜரிடம் ஐந்து நிமிஷம் பேசினால் இதெல்லாம் தெரிந்துவிடும். அவரிடம் பேசாதீர்கள். அவரைப் பற்றிப் பேசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2. முதலில் போன் செய்யும் கல்லூரியில் சேருங்கள்

நள்ளிரவு இடைவேளையில் ஏதாவது ஒரு விளம்பரத்தைத் தொட்டு, மேலும் விவரம் வேண்டும் என்று போன் நம்பரைக் கொடுங்கள். காலையில் நீங்கள் வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடியதும் போன் அடிக்கும். பேசுகிறவர் தன்னைச் சேர்க்கை ஆலோசகர் என்பார். சேர்க்கை என்ற சொல்லைக் காதில் வாங்காதீர்கள், ஆலோசகர் என்பதை நம்புங்கள். இந்த வாரமே சேர்ந்தால் விண்ணப்பக் கட்டணம் இல்லை என்று அவர் சொன்னதும் படுத்தபடியே கார்டு நம்பரைச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு கேள்விகளை மட்டும் தவிர்த்துவிட வேண்டும். ஒன்று, நர்சிங் படிப்புக்கென்று சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அங்கீகாரம் இருக்கிறதா? கல்லூரிக்குப் பொதுவாக உள்ள அங்கீகாரம் வேறு, இது வேறு. அந்த அமைப்புகளின் இணையதளத்தில் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும். தேடாதீர்கள். இரண்டாவது, பிராக்டிகம் என்ற நேரடிப் பயிற்சிக்கு இடமும் வழிகாட்டியும் பிடித்துத் தருவது யார், கல்லூரியா நீங்களா? பல கல்லூரிகளில் பதில் நீங்கள்தான். அதைச் சேருமுன் தெரிந்துகொண்டால் ஆள் தேடிவைக்க ஒரு வருஷம் கிடைக்கும். நமக்கு அது எதற்கு?

3. கிரெடிட் விலையை மட்டும் பாருங்கள்

கிரெடிட் 600 டாலர், மொத்தம் 36 கிரெடிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 21,600 டாலர் ஆகிறது. அதோடு கால்குலேட்டரை மூடிவிடுங்கள். தொழில்நுட்பக் கட்டணம், பின்னணிச் சரிபார்ப்பு, புத்தகம், பிராக்டிகக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் எல்லாம் ஒவ்வொன்றாக அவையே வந்து கதவைத் தட்டும்.

படிப்புச் செலவுக்கு ஆஸ்பத்திரியே உதவும் என்பார்கள். அமெரிக்க வருமானவரிச் சட்டப்படி வேலை கொடுப்பவர் இப்படித் தரும் உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரி இல்லை. கணக்கு நாட்காட்டி வருஷத்துக்கு. எனவே எல்லாப் பாடங்களையும் ஜனவரிக்கும் டிசம்பருக்கும் நடுவே அடைத்து, அடுத்த வருஷச் சலுகையைக் கோட்டைவிடுங்கள். உதவிக்கான ஒப்பந்தத்தில், படித்து முடித்து இத்தனை வருஷம் இங்கேயே வேலை பார்க்க வேண்டும், நடுவில் போனால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒரு பத்தி இருக்கலாம். பொடி எழுத்தில் இருப்பதால் முக்கியமில்லாதது என்று முடிவுகட்டிக் கையெழுத்துப் போடுங்கள். வேறு ஆஸ்பத்திரியில் நல்ல வேலை கிடைக்கும் அன்று அந்தப் பத்தியை நிதானமாகப் படிக்கலாம்.

4. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்

ஆன்லைன் படிப்பென்றால் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். ஆகவே எப்போது என்று தீர்மானிக்கவே வேண்டாம். பையனின் நீச்சல் வகுப்புக்கு வெளியே காரில், காஸ்ட்கோ வரிசையில், ரசம் கொதிக்கும்போது அடுப்பு மேடையில் என்று படிப்பைப் பொடிப்பொடியாக நறுக்கிவிடுங்கள். எந்தப் பத்தியையும் தொடர்ந்து இரண்டு முறை படிக்க முடியாது. எதுவும் ஒட்டாது.

வீட்டில் யாரிடமும் நேர ஒப்பந்தம் செய்துகொள்ளாதீர்கள். ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் மாமியார், "இன்னைக்கு லீவுதானேம்மா, வீட்லதானே இருக்கே" என்பார். "இல்லீங்க அத்தை, செவ்வாயும் வியாழனும் காலையில எனக்கு க்ளாஸ்" என்று ஒருமுறை சொன்னால் அவர் புரிந்துகொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடும் அபாயம் உண்டு. அதனால் சொல்லாமல் இருங்கள். லேப்டாப்பை மூடிவிட்டு வெங்காயம் நறுக்குங்கள். ராத்திரி கணவரிடம், "இந்த வீட்ல நான் படிக்கிறது யாருக்குமே பிடிக்கல" என்று சொல்ல வசதியாக இருக்கும்.

5. டிஸ்கஷன் போர்டை ஒரே வார்ப்பில் முடியுங்கள்

புதன்கிழமைக்குள் ஒரு பதிவு, ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு பேருக்குப் பதில். பெரும்பாலான ஆன்லைன் வகுப்புகளின் தாளம் இதுதான். வகுப்பில் பதினெட்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் அலாஸ்காவில் எட்டுப் படுக்கை ஆஸ்பத்திரியில் பிரசவமும் பார்க்கிறார், எமர்ஜென்சியும் பார்க்கிறார். இன்னொருவர் சிறைச்சாலை நர்ஸ். மற்றொருவர் டயாலிசிஸ் மையத்தில் பதினைந்து வருஷமாகப் பொறுப்பாளர். ஆள் பற்றாக்குறையை அங்கேயெல்லாம் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டால் கொட்டித் தீர்ப்பார்கள். கேட்காதீர்கள். கீழே உள்ளதை அப்படியே ஒட்டுங்கள்:

"வணக்கம். உங்கள் பதிவு மிக ஆழமாக இருந்தது. தலைமைப் பண்பு பற்றி நீங்கள் கூறியதை முழுமையாக ஏற்கிறேன். என் வார்டிலும் தகவல் பரிமாற்றம் மிக முக்கியம். பகிர்ந்தமைக்கு நன்றி."

எந்த வாரத்துக்கும், எந்தத் தலைப்புக்கும், எவருக்கும் பொருந்தும். பெயரை மட்டும் மாற்றுங்கள். போன வாரப் பெயர் தவறி அப்படியே போய்விட்டாலும் கவலை வேண்டாம், அவரும் உங்கள் பதிவைப் படிக்கவில்லை.

ஒரு நுணுக்கம். கடைசி நேரம் இரவு 11:59 என்று போட்டிருந்தால் அது எந்த ஊர் நேரம் என்று பார்க்காதீர்கள். கல்லூரி கிழக்குக் கரையில் இருந்தால் உங்கள் ஹூஸ்டன் கடிகாரத்தில் 10:59-க்கே கதவு மூடிவிடும். 11:15-க்குப் பதிவிட்டு, கணினி சரியில்லை என்று பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

6. ஏ.பி.ஏ.வுக்கு உயிரைக் கொடுங்கள், உள்ளடக்கத்துக்கு மிச்சத்தை

கட்டுரைகளை ஏ.பி.ஏ. நடையில் எழுதச் சொல்வார்கள். இப்போது நடப்பது ஏழாம் பதிப்பு. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆசிரியர்கள் என்றால் முதல் மேற்கோளிலேயே ஒரு பெயரோடு "மற்றும் பிறர்" போட்டுவிடலாம். நூற்பட்டியலில் இரண்டாம் வரியிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ள வேண்டும். அந்த அரை அங்குலத்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். வேர்டு ஒருமுறை தள்ளும், மறுமுறை தள்ளாது. அதோடு மல்லுக்கட்டுங்கள். கட்டுரை என்ன சொல்கிறது என்று யோசிக்கும் நேரம் வந்தால் எழுத்துரு அளவைச் சரிபாருங்கள்.

மேற்கோள் பத்து வேண்டும், உங்களிடம் மூன்றுதான் இருக்கிறது என்றால் சாட்ஜிபிடியிடம் கேளுங்கள். கேட்டவுடன் தரும். ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். அப்படி ஒரு கட்டுரை உலகத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் அது உறுதி சொல்லாது, நீங்களும் தேடாதீர்கள். ஒரு மருந்துப் பெயரை இரண்டு முறை படித்து, கைப்பட்டையை ஸ்கேன் செய்து, பிறந்த தேதி கேட்டுச் சரிபார்த்த பிறகே ஊசி போடுகிறவர் நீங்கள். அந்தப் பழக்கத்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

7. கோட்பாடுகளை ஆண்டோடு மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்

கர்ட் லெவின், 1947. மாற்றம் மூன்று கட்டம்: உறைந்ததை இளக்கு, மாற்று, மறுபடி உறையவை. பாட்ரீசியா பென்னர், 1984. நர்ஸ் புதியவராகத் தொடங்கித் தேர்ந்தவராகும் வரை ஐந்து நிலை. இரண்டையும் எல்லாக் கட்டுரையிலும் சொருகுங்கள். போன வாரம் உங்கள் வார்டில், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன பெண்ணை நைட்டில் சார்ஜ் நர்ஸாக உட்காரவைத்தார்களே, அவள் பென்னரின் எந்த நிலையில் இருந்தாள் என்று மட்டும் யோசிக்கக் கூடாது. கோட்பாடு வேறு, டியூட்டி ரோஸ்டர் வேறு.

முன்னுரையில் நைட்டிங்கேல் கட்டாயம் வர வேண்டும். விளக்கேந்திய சீமாட்டி என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். கிரீமியப் போரில் சிப்பாய்கள் காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால்தான் அதிகம் செத்தார்கள் என்று கணக்கெடுத்து, 1858-ல் அதை ஒரு வட்ட வரைபடமாகப் போட்டு அரசாங்கத்தை உலுக்கிய புள்ளியியலாளர் அவர் என்பதை எழுதாதீர்கள். நைட்டிங்கேல் கையில் விளக்கு இருக்கும்வரை எந்த நிர்வாகத்துக்கும் தொந்தரவில்லை. கணக்கு நோட்டு வந்தால்தான் சிக்கல்.

8. உங்களுக்காகவே எழுதப்பட்ட ஆய்வைச் சுருக்கத்தோடு மூடுங்கள்

லிண்டா ஏய்கனும் சகாக்களும் 2002-ல் ஜாமா இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகள், 10,184 நர்ஸ்கள், 2,32,342 அறுவை சிகிச்சை நோயாளிகள். ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போதெல்லாம், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதோடு தொடர்புபட்டிருந்தது. நர்ஸ் வேலையில் சோர்ந்து வெந்துபோகும் வாய்ப்பு கூடுவது 23 சதவீதம். விடிகாலை நாலு மணிக்கு நீங்கள் உணர்கிறதை இரண்டு எண்ணாக்கிக் கையில் கொடுத்த ஆய்வு இது. ஆகவே மேற்கோள் எண்ணிக்கையைப் பத்தாக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

கலிபோர்னியா 1999-ல் சட்டம் போட்டு, 2004 முதல் நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று வரம்பு கட்டியது. பொது வார்டில் இப்போது ஐந்து பேர். டெக்சாஸில் அப்படி எண்ணிக்கை கிடையாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் நர்ஸ் ஸ்டாஃபிங் கமிட்டி வைக்க வேண்டும், அதில் குறைந்தது 60 சதவீதம் பேர் நோயாளியை நேரடியாகக் கவனிக்கும் நர்ஸ்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அப்படியானால் உங்கள் ஆஸ்பத்திரியிலும் ஒரு கமிட்டி இருக்கிறது. யார் அதில் இருக்கிறார்கள், எப்போது கூடுகிறார்கள், போன கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று தெரிந்துகொள்ள முயலாதீர்கள். "ஸ்டாஃபிங் கொள்கையை ஒப்பிடுக" என்ற பாடக் கேள்விக்குக் கலிபோர்னியாவைப் பற்றி எழுதுங்கள். அது தூரத்தில் இருக்கிறது.

9. நோயாளி பாதுகாப்பைப் பற்றித் தூங்காமல் எழுதுங்கள்

காலை ஏழரைக்கு ரிப்போர்ட் கொடுத்துவிட்டு வெளியே வருகிறீர்கள். முந்தின நாள் மத்தியானம் எழுந்தது. நேராக லேப்டாப்பைத் திறங்கள். தலைப்பு: நர்ஸ்களின் களைப்பும் மருந்துப் பிழைகளும்.

தொடர்ந்து 24 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.10 சதவீதம் சாராயம் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்பதை மூன்றாம் பத்தியில் எழுதுங்கள். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் கார் ஓட்ட வரம்பு 0.08 என்பதையும் சேர்த்துவிடுங்கள், மதிப்பெண் கிடைக்கும். எழுதி முடித்து, சமர்ப்பித்து, காப்பி குடித்து, காரை எடுத்துக்கொண்டு அன்றைய ஷிப்டுக்குப் புறப்படுங்கள்.

10. குழு வேலையை ஒருவர் தலையில் கட்டுங்கள்

ஐந்து பேர், மூன்று நேர மண்டலம், ஒரு பவர்பாயின்ட். குழுவில் யாராவது ஒருவர் பயந்த சுபாவமாக இருப்பார். அவரைத் தலைவராக்குங்கள். மற்றவர்கள் தங்கள் ஸ்லைடில் எழுத்தின் நிறத்தை மாற்றினால் போதும். பயந்த சுபாவம் நீங்கள்தான் என்றால் ஐந்து பேர் வேலையையும் நீங்களே செய்துவிட்டு, ஒத்துழைப்பு பற்றிய சுயமதிப்பீட்டுப் படிவத்தில் எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போடுங்கள். வேலை செய்யாதவரிடம் முகத்துக்கு நேரே பேசுவது எப்படி என்பதுதான் மேனேஜர் வேலையில் பாதி. அதைப் பழக இதைவிடப் பாதுகாப்பான இடம் அமையாது. தவறவிடுங்கள்.

11. பட்ஜெட் பாடத்தில் விடையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்

இந்த ஒரு பாடத்தில் கவனமாக இருக்க வேண்டும். தப்பித் தவறிப் புரிந்துவிட்டால் மற்ற எல்லாப் படியும் வீண்.

கணக்கு இப்படி இருக்கும். முப்பது படுக்கை வார்டு. சராசரியாக 24 நோயாளிகள். ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு நர்ஸ், எய்டு எல்லாரும் சேர்ந்து 9 மணி நேரப் பராமரிப்பு. அப்படியானால் நாளைக்கு 216 மணி. வருஷத்துக்கு 78,840 மணி. முழுநேர ஊழியர் ஒருவருக்கு வாரம் 40 மணி, 52 வாரம், ஆக 2,080 மணி. வகுத்தால் 37.9. முப்பத்தெட்டு பேர் தேவை என்று எழுதுங்கள். அழகாக வந்துவிட்டது.

இங்கே பேராசிரியர் ஒரு வரி சேர்ப்பார்: 2,080 என்பது சம்பளம் கொடுக்கும் மணி, வார்டில் நிற்கும் மணி அல்ல. விடுப்பு, உடம்பு சரியில்லாத நாள், பயிற்சி எல்லாம் போக வேண்டும். ஆளுக்கு 240 மணி போகிறது என்றால் மிஞ்சுவது 1,840. இப்போது வகுத்தால் கிட்டத்தட்ட 43. ஐந்து பேர் வித்தியாசம்.

இதைப் பார்த்ததும் உங்களுக்குச் சுருக்கென்று தைக்கும். நாலு மணிக்கு எய்டு ஏன் இல்லை, லீவு கேட்டால் மேனேஜர் ஏன் முகத்தைச் சுளிக்கிறார், ஒருவர் காய்ச்சலில் படுத்தால் ஏன் வார்டே படுத்துவிடுகிறது என்பதெல்லாம் அந்த ஐந்து பேரில் அடங்கியிருக்கிறது. எங்கேயோ ஒரு எக்ஸெல் தாளில் எவரோ 2,080-ஆல் வகுத்திருக்கிறார்கள். உடனே தாளை மூடுங்கள். போன செமஸ்டர் படித்த தோழியிடம் அவள் கோப்பை வாங்கி, எண்களை மாற்றிச் சமர்ப்பியுங்கள். சூத்திரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டாம்.

12. பிராக்டிகத்தில் மணிகளை நிரப்புங்கள்

பிராக்டிகம் என்பது அனுபவமுள்ள ஒரு நிர்வாகியின் பின்னால் நின்று பார்ப்பது. நூறு மணி, இருநூறு மணி என்று கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அந்த நிர்வாகியைப் பிரசெப்டர் என்பார்கள். தேடும் வேலையைக் கடைசி மூன்று வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். அப்போது யார் சம்மதிக்கிறாரோ அவரே சிறந்தவர்.

அவர் பட்ஜெட் கூட்டத்துக்குப் போகும்போது நீங்களும் வரலாமா என்று கேட்காதீர்கள். அங்கே ஐந்து பேருக்காக அவர் சண்டை போடுவதையோ போடாமல் விடுவதையோ பார்க்க நேரிடும். ஒரு நர்ஸைக் கூப்பிட்டுக் கண்டிக்கும்போது கூட இருக்கலாமா என்றும் கேட்காதீர்கள். அவர் அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து ஏழாம் பதிப்பைச் சரிபாருங்கள். பதிவேட்டில் "தலைமைப் பண்பை உற்றுநோக்கினேன், 8 மணி" என்று எழுதுங்கள். அவர் பிஸியான ஆள், படிக்காமலே கையெழுத்துப் போடுவார். நன்றி சொல்லுங்கள்.

13. கேப்ஸ்டோனில் ஒரு காகிதத்தை லேமினேட் செய்யுங்கள்

கடைசியாக, கேப்ஸ்டோன் என்ற பெயரில் உங்கள் வார்டில் ஒரு குறையைச் சரிசெய்து காட்ட வேண்டும். எல்லோரும் எடுப்பது நோயாளி கீழே விழுவதைத் தடுப்பது. நீங்களும் அதையே எடுங்கள். ஆஸ்பத்திரிக்குள் விழுந்து அடிபட்டால் அதற்கான கூடுதல் சிகிச்சைக்கு 2008 அக்டோபரிலிருந்து மெடிகேர் பணம் தருவதில்லை, ஆகவே டைரக்டர் உடனே தலையாட்டுவார்.

மணிக்கு ஒருமுறை அறைக்குப் போய், பாத்ரூம் போக வேண்டுமா, வலிக்கிறதா, தண்ணீர் எட்டுகிறதா என்று கேட்க வேண்டும். நல்ல யோசனைதான். அதைச் செய்ய ஆள் இருக்கிறதா என்று கேட்டுத் திட்டத்தைக் கெடுக்காதீர்கள். கதவில் பன்னிரண்டு கட்டம் போட்ட தாளைத் தொங்கவிடுங்கள். நைட் நர்ஸ் ராத்திரி முழுக்க ஓடிவிட்டு, காலை 6:45-க்கு வந்து, ஒரே பேனாவால், ஒரே சாய்வில், பன்னிரண்டு கட்டத்திலும் டிக் அடிப்பார். எல்லாத் தாள்களையும் எண்ணிப் பாருங்கள். 97 சதவீதம். போஸ்டரில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

விழுந்தவர் எண்ணிக்கை? எந்த மாதம் குறைவோ அந்த மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டம் வந்த மறுநாள் தாளைக் கழற்றிவிடலாம். லெவினின் மூன்றாம் கட்டம் கட்டுரைக்கு மட்டும்தான்.

14. எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் அடுக்குங்கள்

மின்னஞ்சல் கையொப்பத்தில் ஆர்.என்., எம்.எஸ்.என். என்று போடுங்கள். சான்றிதழ்த் தேர்வு எழுதினால் என்.இ.-பி.சி.யும் சேரும். லிங்க்ட்இனில் எல்லையற்ற பணிவோடு அறிவியுங்கள். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் கறுப்பு அங்கிப் படம் போட்டதும் ஊரிலிருந்து பெரியம்மா கேட்பார், "அப்போ இனிமே நீயே மாத்திரை எழுதலாமா கண்ணு?" அது நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு, அதற்குத் தனிப் பயிற்சி, தனித் தேர்வு, இது நிர்வாகம் என்று விளக்காதீர்கள். "கிட்டத்தட்ட அப்படித்தான் பெரியம்மா" என்று போடுங்கள். அன்று மாலையே ஏழு பேருடைய சுகர் ரிப்போர்ட் வந்து விழும்.

ஊருக்குத் திரும்பி ஒரு நர்சிங் கல்லூரியில் பிரின்ஸிபால் ஆகிவிடுவேன் என்றும் சொல்லி வையுங்கள். தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாத படிப்புகள் என்று யு.ஜி.சி. வைத்திருக்கும் பட்டியலில் நர்சிங்கும் இருக்கிறது. உங்கள் பட்டத்தை அங்கே எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று சேருமுன்பே கேட்டிருக்கலாம். நல்லவேளை, கேட்கவில்லை.

15. மேனேஜர் நாற்காலியில் உட்காருங்கள்

வாழ்த்துகள். வேலை கிடைத்துவிட்டது. முதல் வாரத்திலேயே நிதிப் பிரிவிலிருந்து அடுத்த வருஷ பட்ஜெட் வரும். முப்பத்தெட்டு பேர் என்று இருக்கும். எங்கேயோ பார்த்த எண் மாதிரி இருக்கிறதே என்று யோசிக்காமல் "ஒப்புதல்" என்று பதில் போடுங்கள். விடிகாலை ஐந்து மணிக்கு ஊழியர் குழுவில், "இன்றைக்கு யாராவது கூடுதல் ஷிப்ட் எடுக்க முடியுமா? நீங்கள் எல்லோரும் ஹீரோக்கள்" என்று அனுப்புங்கள். எய்டைப் பக்கத்து வார்டுக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

சீக்கிரமே உங்கள் வார்டுப் பெண் ஒருத்தி கதவைத் தட்டுவாள். அவளும் எம்.எஸ்.என். சேர்ந்திருக்கிறாள். நைட் முடித்து வந்த கண். "அக்கா, எனக்கு நீங்க பிரசெப்டரா இருக்க முடியுமா?" சம்மதியுங்கள். அவள் நீட்டும் பதிவேட்டில் எல்லா இடத்திலும் கையெழுத்துப் போடுங்கள், வரப்போகும் வாரங்களுக்கும் சேர்த்து.

கிளம்புமுன் தயங்கி நின்று ஒன்று கேட்பாள். "பட்ஜெட் பாடத்துல ஒரு சந்தேகம்க்கா. 2,080-ஆல வகுக்கறதா, 1,840-ஆலயா?"

"எதால வகுத்தாலும் பாஸ் போட்டுடுவாங்கம்மா" என்று சொல்லி அனுப்புங்கள்.